பந்தல்கால் நட முடியாத இடத்தில் சுவர் நிறுத்தும் வேலை

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்தக் கூட்டத்துக்குள் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. “பந்தல் போடுறதுக்கா சார் பதினோரு வருஷம் படிக்க வச்சேன்?” என்றீர்கள். உங்கள் குரல் உடைந்ததையும் பக்கத்தில் நின்ற உங்கள் மகன், நம் தம்பி, தலையைக் குனிந்துகொண்டதையும் பார்த்தேன். அதனால்தான் ஆற அமர எழுதுகிறேன்.

கோலாலம்பூரிலிருந்து அவனுடைய மாமன் மகன் கூப்பிடுவது வணிகக் கண்காட்சிகளில் பூத், அதாவது தற்காலிகக் கடை, கட்டும் வேலைக்கு. கேஎல்சிசி மாநாட்டு மையம், 2017இல் திறந்த மைடெக், பினாங்கு ஸ்பைஸ் போன்ற பெரிய கூடங்களில் அறைகலன், உணவு, இயந்திரம் என்று ஏதாவது ஒரு கண்காட்சி வந்துகொண்டே இருக்கிறது. வெறும் தரையாகக் கிடக்கும் கூடத்தில் இரண்டு மூன்று நாளில் ஒரு கடைத்தெருவே எழும்பும். கண்காட்சி முடிந்த இரவே அத்தனையும் பிரித்து லோரியில் ஏற்றப்படும்.

நீங்கள் பந்தல் என்று சொன்னதில் தப்பில்லை. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு, இந்தத் தொழிலே அதில்தான் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவர்கள் குழி தோண்டிக் கம்பத்தை நட்டு, மண்ணைப் போட்டு மிதிப்பார்கள். பாதிப் பாரத்தை மண் தாங்கிக்கொள்ளும். கண்காட்சிக் கூடத்தில் பொதுவாகத் தரையில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், துளை போட விடமாட்டார்கள். கூடத்தின் தூணில் கயிறு கட்டவும் முடியாது. சுவர் தன் காலிலேயே நிற்க வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கானவர்கள் உரசிக்கொண்டு போகும் இடத்தில்.

அது எவ்வளவு சிரமம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன், தம்பியிடமும் காட்டுங்கள். ஒன்றுக்கு இரண்டு அங்குலக் கட்டையில் சட்டம் அடித்து, அதன்மேல் 6 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு முழுப் பலகை பதித்தால், நாலடி அகலம் எட்டடி உயரச் சுவர் கிடைக்கும். எடை ஏறக்குறைய 20 கிலோ இருக்கும், கனம் இரண்டே அங்குலம்தான். அதைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு உச்சியில் கால் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தின் எடையளவு தள்ளினால் போதும், சாய்ந்துவிடும். குளிர்சாதனக் காற்றே தள்ளிவிடலாம். அதே சுவரின் பின்பக்கம் இரண்டடி நீளத் தாங்குகால் வைத்து, அதிலிருந்து சுவருக்குச் சாய்வாக ஒரு கட்டையை இறுக்கி, தாங்குகாலின் நுனிப் பக்கம் 20 கிலோ மணல் மூட்டை ஒன்றைப் போட்டால், முன்பக்கம் சாய்க்கவே நாலு கிலோவுக்கு மேல் விசை வேண்டும். பின்பக்கம் இடமில்லை என்றால் சுவரின் இரு முனையிலும் மீட்டர் அகலத்துக்கு இன்னொரு பலகையைச் செங்கோணத்தில் திருப்பிப் பூட்டுவார்கள். புத்தகத்தை விரித்து நிறுத்தினால் நிற்கிறதே, அதே கணக்கு.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு பள்ளிக் கண்காட்சியில், மாணவர்களின் படங்கள் ஒட்டியிருந்த தடுப்பு ஒன்று பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே விழுந்தது. நல்லவேளை, ஒரு மேசை தாங்கிக்கொண்டது. அதை நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். நேராக ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தோம், முனை திருப்பவில்லை. அன்றிலிருந்து எந்தத் தடுப்பைப் பார்த்தாலும் பின்னால் போய்க் காலைப் பார்ப்பேன்.

இந்தத் துறையில் இரண்டு வகைச் சுவர் உண்டு. ஒன்று அலுமினியக் கம்பங்களும் வெள்ளைப் பலகைகளும். ஆக்டாநார்ம் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பெயரால் பலர் அதை அழைப்பார்கள். எட்டுப் பக்கமும் பள்ளம் உள்ள கம்பத்தில் குறுக்குச் சட்டத்தைச் செருகி, சாவியால் இறுக்குவது. பெரும்பாலும் ஒரு பலகை ஒரு மீட்டர் அகலம், கம்பம் இரண்டரை மீட்டர் உயரம். மூன்றுக்கு மூன்று மீட்டர் பூத் ஒன்றை இரண்டு பேர் சீக்கிரமே எழுப்பிவிடலாம். தம்பி இதைச் சில வாரத்தில் பழகிவிடுவான். என் கவலையும் இங்கேதான் தொடங்குகிறது. பலகை தூக்கிச் செருகத் தெரிந்ததும் கைக்குக் காசு வரும், பிள்ளைகள் அதோடு நின்றுவிடுவார்கள். முப்பது வயதிலும் அதே பலகையைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள், முதுகுதான் தேய்ந்திருக்கும்.

மற்றது, வாடிக்கையாளரின் வரைபடத்துக்கு ஏற்ப மரத்தில் செய்யும் சுவர். இங்கேதான் கைவினையும் சம்பளமும் இருக்கிறது. நிலைக்கட்டைகளை இரண்டடிக்கு ஒன்று வைத்தால்தான் நாலடிப் பலகையின் இரண்டு ஓரமும் நடுவும் கட்டைமேல் உட்காரும். சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று மூலைக்கு மூலை அளக்க வேண்டும். 1220க்கு 2440 மில்லிமீட்டர் பலகைக்கு இரண்டு குறுக்களவும் 2728 வரவில்லை என்றால் சட்டம் கோணல். கோணல் சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போல்ட் போட்டால் மேலே கைவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும், எவ்வளவு பட்டி பூசினாலும் மறையாது. 18 மில்லிமீட்டர் பலகை உறுதி என்று எடுத்தால் ஒன்றே 32 கிலோ வரும், லோரி ஏற்றுபவன் திட்டுவான். கூடத்தின் கதவுக்குள் நுழையும் அளவுக்குத் துண்டு துண்டாகச் செய்து, உள்ளே போய்ப் பூட்ட வேண்டும். அவசர வாசலை மறைக்கக் கூடாது. உயரமான கட்டுமானத்துக்குப் பல கூடங்கள் பொறியாளரின் கையெழுத்து கேட்கும். இத்தனையும் யோசிக்கத் தெரிந்த பையனைப் பந்தல்காரன் என்று யாராவது சொன்னால், அந்தப் பேரைக் குறைவாக நினைக்காதீர்கள் அக்கா.

ஆகவே, போகட்டும். ஆனால் நேராக வேண்டாம். முதலில் தச்சு அல்லது அறைகலன் தயாரிப்பில் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம், எடுக்கட்டும். ஒன்று முதல் மூன்றாம் நிலை வரை சான்றிதழ், நான்காம் நிலை டிப்ளோமா. அரசாங்கப் பயிற்சி நிலையங்களுக்கு யுபி டிவெட் என்ற இணையத் தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். தனியார் நிலையம் என்றால், அது அங்கீகாரம் பெற்றதா என்று விசாரிக்காமல் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கட்டாதீர்கள். படித்துக்கொண்டே சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் வீட்டில் இருந்தால் எஸ்எல்டிஎன் என்ற வழி இருக்கிறது. பெரும்பகுதி நேரம் நிறுவனத்தில் வேலை, மீதி வகுப்பு. அந்த நிறுவனம் அதில் சேரத் தயாரா என்று மாமன் மகனையே கேட்கச் சொல்லுங்கள்.

அதையெல்லாம் விட்டுவிட்டு உடனே வேலைக்குத்தான் போவேன் என்று அவன் பிடிவாதம் பிடித்தாலும் கதவு மூடிவிடாது. அனுபவத்தை ஆதாரத்தோடு காட்டி எஸ்கேஎம் பெறும் முறையும் உண்டு. முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பூத்தையும் படம் எடுத்து, தேதி, அளவு, தான் செய்த பகுதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். நினைவிலிருந்து பின்னால் திரட்டுவது நடக்காத காரியம்.

சம்பளத்தில் நீங்கள் கறாராக இருங்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. சேமநிதியும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் முதலாளி கட்டுகிறாரா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நாள்கூலிக்குக் கூப்பிட்டுச் சொக்சோ இல்லாமல் ஏணிமேல் ஏற்றுகிறவர்களிடம் தம்பியை விடவே கூடாது. பூத் கட்டுவது இரவு வேலை, தூக்கம் கெடும், கண்காட்சி இல்லாத மாதங்களில் கை காயும். 2020 மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கூடங்கள் அத்தனையும் மூடிக் கிடந்தன. மரவேலை தெரிந்தவன் என்றால் கடை அலங்காரம், மேடை, வீட்டு அலமாரி என்று திரும்பிக்கொள்ளலாம். பலகை செருக மட்டும் தெரிந்தவனுக்கு அந்த வழி இல்லை.

ஒரு சின்ன வேலை தருகிறேன். அடுத்த மாதம் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைக்கிறார்கள், தடுப்பு வேண்டும் என்று தலைமையாசிரியர் என்னிடம் கேட்டிருக்கிறார். ஒரு பிளைவுட், பத்துப் பன்னிரண்டு மீட்டர் கட்டை, ஸ்குரூ எல்லாம் நான் வாங்கித் தருகிறேன். தரையில் ஆணி அடிக்காமல் ஒரு சுவரைத் தம்பி செய்து நிறுத்தட்டும். முதலில் தாளில் அளவு போட்டு வரைந்துவிட்டுத்தான் ரம்பத்தைத் தொட வேண்டும். வரைய உட்காரும்போது அவன் முகம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் பாருங்கள், அலுப்பா ஆர்வமா என்று அம்மாவுக்குத் தெரியாததா?

வருகிற ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் அவனை வரச் சொல்லுங்கள். எஸ்பிஎம் (பள்ளியிறுதித் தேர்வு) முடிவுத்தாளின் நகலும் அந்த வரைபடமும் கையில் இருக்கட்டும். மாமன் மகனின் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவற்றை மூவரும் உட்கார்ந்து எழுதிவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் தம்பி