பழைய வீட்டுக்கு மேல் மாடி எடுப்பது: ஆர்க்கிடெக்ட் பதில்கள்

திருச்சியில் பழைய வீடுகளை மாற்றுவதும் விரிவாக்குவதும்தான் என் வேலையில் பெரும்பகுதி. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். வாஸ்து கேள்விகளை விட்டுவிட்டேன், அது என் துறை இல்லை.

மேடம், எங்கள் வீடு 1988இல் கட்டியது. 900 சதுர அடி, 9 அங்குலச் செங்கல் சுவர், காலம் (கான்கிரீட் தூண்) கிடையாது. மேலே ஒரு மாடி எடுக்கலாமா? மேஸ்திரி தாராளமாக எடுக்கலாம் என்கிறார்.

மேஸ்திரி சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் சுவரைப் பார்த்துச் சொல்கிறார், எனக்குக் கடைக்காலை, அதாவது அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி இரண்டு மூன்று இடத்தில் குழி தோண்டச் சொல்லுங்கள். கடைக்கால் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், அடியில் என்ன மண் என்று தெரிந்துவிடும். கரிசல் மண்ணாக இருந்தால் மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும். அங்கே யோசித்துத்தான் கை வைக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 10 அடி உயரமுள்ள 9 அங்குலச் சுவர், ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 400 கிலோ. 5 அங்குலத் தளம் சதுர அடிக்கு 29 கிலோ. ஆக, 900 சதுர அடிக்கு வெறும் தளம் மட்டுமே 26 டன். தரை ஓடு, மேல் தட்டோடு, தண்ணீர்த் தொட்டி, மனிதர்கள், பீரோ எல்லாம் தனி. மேல்மாடிச் சுவருக்கு ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) போட்டால் சுவர் எடை பாதிக்கும் கீழே வந்துவிடும். கீழ்ச் சுவருக்கு நேர் மேலேயே மேல்சுவர் வந்தால் செலவு குறையும். "ஹாலுக்கு மேலே ரெண்டு பெட்ரூம்" என்று அறைகளை நகர்த்தினால் பீம் கேட்கும்.

அதனால்தான் முதல் வேலை, இருக்கிற வீட்டை அளந்து படம் வரைவது. அளக்காமலேயே முப்பரிமாணப் படம் காட்டுகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கூரை கான்கிரீட்தானா என்றும் பாருங்கள். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸாக இருந்தால் அதன் மேல் சுவர் எழுப்பவே கூடாது.

மேல்மாடிக்குச் சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்?

வீட்டைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

தஞ்சாவூரில் பெரிய கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. மாடி எடுக்க முடியுமா?

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டுமானம் கிடையாது, பழுது பார்க்கவே அனுமதி வேண்டும். அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றுக் கட்டலாம். முதலில் தூரத்தை அளக்கச் சொல்லுங்கள், ஆர்க்கிடெக்ட் அப்புறம்.

2009இல் கட்டும்போதே காலம் கம்பியை மொட்டை மாடியில் மூன்றடி நீட்டி விட்டிருக்கிறோம். அதிலிருந்தே தொடங்கலாம்தானே?

இத்தனை வருஷம் மழையில் நின்ற கம்பி. துருவைச் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறதா பாருங்கள். வந்தால், கான்கிரீட்டைக் கொத்தி நல்ல கம்பி தெரியும் வரை போக வேண்டும். புதுக் கம்பியை எப்படி இணைப்பது என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் (கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடுபவர்) முடிவு செய்வார், கம்பி கட்டுபவர் அல்ல. வேலை இன்னும் தள்ளிப்போகும் என்றால் கம்பியைச் சுத்தம் செய்து லீன் கான்கிரீட்டில் (சிமென்ட் குறைவாகக் கலந்தது) மூடிவிடுங்கள். அப்புறம் பழைய கேள்விதான்: ஃபுட்டிங் (காலத்தின் அடித்தளம்) எத்தனை மாடிக்குப் போட்டது? கம்பி நீட்டிக்கொண்டிருப்பது அதற்குச் சாட்சி ஆகாது.

நான் சிவில் இன்ஜினியர். நீங்களே எல்லாவற்றுக்கும் இன்ஜினியரைக் கேள் என்கிறீர்கள். பிறகு ஆர்க்கிடெக்டுக்கு எதற்குத் தனிக் கட்டணம்?

நியாயமான கேள்வி. சட்டமும் ஓரளவு உங்கள் பக்கம். 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைத்தான் காக்கிறது, பதிவு இல்லாதவர் வீடு வரையக் கூடாது என்று தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது.

ஆனால் மாடி வீட்டில் பெரும்பாலான தப்பு படிக்கட்டில் நடக்கிறது. ஹாலுக்குள் வைத்தால் கீழே இருட்டு, வாடகைக்கும் விட முடியாது. பக்கத்துச் சந்தில் வைத்தால் விதிப்படி விட வேண்டிய காலி இடம் போச்சு. மேல் பாத்ரூம் கீழ்ச் சமையலறைக்கு மேலே வந்து, குழாய் ஒழுக ஆரம்பித்த பிறகு யாரைக் கேட்பது?

(அதே இன்ஜினியர்) இதெல்லாம் வீட்டுக்காரரே சொல்லிவிடுவாரே!

சொல்வார். மூன்று பேர் இருக்கிற வீட்டில் மூன்று விதமாகச் சொல்வார்கள்.

(இடையில் இன்னொருவர்) எங்கள் ஆர்க்கிடெக்ட் படத்தைக் கொடுத்துவிட்டு சைட் பக்கமே வரவில்லை. இன்ஜினியர் சொல்வதுதான் சரி.

ஒப்பந்தத்தில் சைட் விசிட் எத்தனை என்று எழுதினீர்களா? பலர் எழுதுவதே இல்லை. எத்தனை முறை படம் மாற்றலாம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கட்டணம் யாருடையது, பாதியில் நின்றால் எவ்வளவு தர வேண்டும், எல்லாம் தாளில் வரட்டும். முக்கியமாக, அனுமதி வாங்கக் கொடுக்கும் அப்ரூவல் டிராயிங் வேறு, சைட்டில் வேலை செய்வதற்கான வொர்க்கிங் டிராயிங் வேறு. மாநகராட்சிக்குக் கொடுத்த படத்தில் கம்பி விவரமோ குழாய்ப் பாதையோ ஸ்விட்ச் இடமோ இருக்காது. அதை வைத்தே வீட்டை முடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

இன்ஜினியர் சாருக்கு: நல்ல இன்ஜினியர் கிடைத்தால் அவரிடமே போங்கள் என்று நானே அனுப்பியிருக்கிறேன். இதை இத்துடன் விடுவோம்.

சதுர அடிக்குத் தோராயமாகவாவது...

மேலே பாருங்கள்.

ஆன்லைனில் உடனே அப்ரூவல் கிடைக்கிறதாமே?

அது 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்த சுயசான்றுத் திட்டம், விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுப்பது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு, அதிகபட்சம் தரைத்தளமும் ஒரு மாடியும். இருக்கிற வீட்டின் மேல் கட்டுவதற்கு அது பொருந்துமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி ஒரே நாளில் வந்தாலும் கடைக்கால் பழையதுதான். குழி தோண்டுங்கள்.

லண்டன் ஹாரோவில் இரட்டை வீடு. லாஃப்டை (சாய்கூரைக்கு அடியில் உள்ள இடத்தை) அறையாக்கணும்.

அங்கே பதிவு பெற்றவரைக் கேளுங்கள். பொதுச்சுவரில் பீம் ஏற்றுவதாக இருந்தால், 1996 பார்ட்டி வால் சட்டப்படி பக்கத்து வீட்டுக்கு இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும்.

முன் அறையைக் கடையாக்கினால்?

அந்தப் பகுதிக்கு வணிக மின் கட்டணம் வரும், சொத்து வரியும் மாறும். ஷட்டர் வைக்கச் சுவரை அறுப்பதற்கு முன் மேலே லிண்டல் (திறப்பின் மேல் சுவரைத் தாங்கும் உத்தரம்) கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுச்சுவரைப் பாதி இடித்துவிட்டோம். மேல்தளத்தில் மெல்லிய விரிசல் தெரிகிறது. பூசிவிடலாமா?

பூசாதீர்கள். இடிப்பதை நிறுத்துங்கள், அந்த அறையில் யாரும் இருக்க வேண்டாம். இன்றைக்கே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழையுங்கள். சென்டரிங் ஆட்களை வைத்துத் தளத்துக்கு முட்டுக் கொடுப்பதும் அவர் சொல்கிற இடத்தில்தான். அந்தச் சுவர் எதைத் தாங்கியது என்று தெரிந்த பிறகு மற்றதைப் பேசலாம்.