கோச்சிக் கேள்விகள்: மலையேறிய கனடா இஞ்சின்

எம்2 ரக டீசல் இஞ்சினைப் பற்றி மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: சில இஞ்சின்களின் பக்கத்தில் ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, மனிட்டோபா என்று எழுதியிருக்கிறதே, ஏன்? எம்2 எப்போது இங்கு வந்தது?
– வாசகர், ஹட்டன்

அவை கனடாவின் மாகாணப் பெயர்கள். கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடா இலங்கைக்குக் கொடுத்த உதவியில் வந்தவை இந்த இஞ்சின்கள். ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் தொழிற்சாலை அவற்றைக் கட்டியது. தொழிற்சாலை வைத்த பெயர் ஜி12, நமது ரயில்வே வைத்த பெயர் எம்2. முதல் இஞ்சினான 569 இலக்க 'ஒன்டாரியோ' 1954இல் கட்டப்பட்டது. 1960கள் வரை சிறு சிறு தொகுதிகளாக வந்து மொத்தம் 14 சேர்ந்தன. பின்னால் வந்தவற்றில் சிலவற்றுக்கு நமது ஊர்ப் பெயர்களே கிடைத்தன, காங்கேசந்துறை அவற்றில் ஒன்று.

இங்கு வந்த முதல் மெயின் லைன் டீசல் எம்2 அல்ல. 1953இலிருந்தே பிரித்தானியாவின் பிரஷ் பக்னல் நிறுவனத்தின் 25 இஞ்சின்கள் எம்1 என்ற பெயரில் வரத் தொடங்கியிருந்தன. அவற்றின் வலு 1000 குதிரைவலு, எம்2வினுடையது 1425. நீராவியிலிருந்து டீசலுக்கு மாறும் அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் ரயில்வேப் பொறியியலாளர் பி. டி. ரம்பல. அதற்கு முன் மலைப்பாதையில் பாரம் தள்ளிய பெரிய கரட் நீராவி இஞ்சின்களையும் மறக்கக் கூடாது. முதல் கரட் 1927இல் வந்தது.

கேள்வி: 1425 குதிரைவலு இஞ்சின் நாவலப்பிட்டியிலிருந்து நானுஓயாவுக்கு எத்தனை தொன் சரக்கு இழுக்கும்? கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?
– உயர்தர மாணவர், தலவாக்கலை

நல்ல கேள்வி. ஆனால் குதிரைவலுவில் தொடங்கினால் விடை வராது. மலையில் முதலில் பார்க்க வேண்டியது சக்கரப் பிடி.

இந்தப் பாதையின் கடும் ஏற்றம் 44க்கு 1, அதாவது 44 மீற்றர் போனால் 1 மீற்றர் உயரும். ஒரு தொன்னை அதில் ஏற்ற 1000ஐ 44ஆல் வகுத்து வரும் 22.7 கிலோ இழுவிசை வேண்டும். தண்டவாளத்தில் உருள்வதற்கு மேலும் 3 கிலோ சேருங்கள். நமது பாதையின் மிக இறுகிய வளைவுக்கு ஆரை 5 செயின், அதாவது சுமார் 100 மீற்றர். அங்கே சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசுவதால் தொன்னுக்கு இன்னும் 7 கிலோ போகும். ஆக, ஏற்றமும் வளைவும் சேர்ந்த இடத்தில் தொன்னுக்கு ஏறக்குறைய 33 கிலோ.

இனி இஞ்சின். டீசல் இயந்திரம் ஜெனரேட்டரைச் சுற்றும், அதில் வரும் மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டர்களைச் சுற்றும். இஞ்சினின் நிறை ஏறக்குறைய 80 தொன். ஒன்டாரியோ போன்ற முதல் இஞ்சின்களில் ஒரு பொகிக்கு (இஞ்சினின் அடியில் முன்னும் பின்னும் உள்ள சக்கரச் சட்டத்துக்கு) மூன்று அச்சுகள் உண்டு. ஆனால் நடு அச்சுக்கு மோட்டர் கிடையாது, அது பாரத்தை மட்டும் தாங்கும். ஆறில் நான்கு அச்சுகளே இழுப்பதால் பிடிக்கு உதவும் நிறை சுமார் 53 தொன். உலர்ந்த தண்டவாளத்தில் அதில் நான்கில் ஒரு பங்கு, ஏறக்குறைய 13,250 கிலோ, இழுவிசையாகக் கிடைக்கும். அதை 33ஆல் வகுத்தால் 400 தொன். அதில் இஞ்சினின் 80ஐக் கழித்தால் பின்னால் 320 தொன்.

இப்போது மழை பெய்கிறது என்று வையுங்கள். பிடி 15 சதவீதத்துக்கு இறங்குகிறது. அதே கணக்கைப் போட்டால் பின்னால் 160 தொன்தான் வரும். இஞ்சின் மாறவில்லை, டீசல் மாறவில்லை, பாரம் பாதியாகிவிட்டது. இவை கடதாசிக் கணக்கு. ஏற்றத்தில் நின்று மீண்டும் புறப்பட வேண்டி வரும் என்பதால் உண்மையில் கட்டும் பாரம் இதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும்.

குதிரைவலு எங்கே வருகிறது? வேகத்தில். 1425இல் இழுவைக்குப் போவது 1310. ஜெனரேட்டரிலும் மோட்டரிலும் இழந்தது போகச் சக்கரத்துக்கு வருவது ஏறக்குறைய 1075. 13,250 கிலோவை அந்த வலுவில் இழுத்தால் வேகம் மணிக்கு 22 கிலோமீற்றர். வலுவை இரட்டிப்பாக்கினால் அதே பாரம் மணிக்கு 44 கிலோமீற்றரில் போகும், ஆனால் ஒரு வெகன்கூடக் கூடுதலாகக் கட்ட முடியாது. 1975இல் மொன்றியாலிலிருந்து வந்த எம்4 மலையில் மேலதிக பாரம் ஏற்றியதற்கு 1750 குதிரைவலுவைவிட ஆறு அச்சுக்கும் மோட்டர் இருந்ததே முக்கிய காரணம் என்பது எங்கள் கருத்து.

இன்னொரு எல்லையும் உண்டு. வேகம் குறையக் குறைய மோட்டருக்குள் பாயும் மின்னோட்டம் கூடும், சுருள் சூடேறும். அதனால் ஏற்றத்தில் சாரதியின் கண் அம்பியர் மானியில் இருக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது பிரேக் போடாமல், நொட்ச் (வலுவைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியின் படி) கொடுத்து ரயிலைப் பிடித்து வைத்திருப்பது மிகக் கெட்ட பழக்கம். மோட்டர் சுழலாமல் மின்சாரம் மட்டும் பாய்வதால் கொமியூட்டேற்றர் (மோட்டரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொடுக்கும் செப்பு வளையம்) ஒரே இடத்தில் கருகிவிடும்.

கேள்வி: பட்டிப்பொல பக்கம் இஞ்சின் கரும்புகை கக்குகிறது. பழுதா?
– வாசகி, நானுஓயா

பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். எம்2வில் இருப்பது 12 சிலிண்டர் கொண்ட 567சி ரக இரு வீச்சு இயந்திரம். உள்ளே காற்றைத் தள்ளுவது ரூட்ஸ் புளோவர். அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கன அளவு காற்றைத் தள்ளும். காற்று ஐதானால் அதே கன அளவில் ஒட்சிசன் குறையும். டீசல் மட்டும் குறையாமல் போனால் முழுவதும் எரியாது, கரும்புகை வரும்.

ஆனால் அதே புகை நாவலப்பிட்டியிலேயே வந்தால் உயரத்தைக் குறை சொல்ல முடியாது. முதலில் காற்று வடிகட்டிகளையும், பிறகு இன்ஜெக்டர்களையும் பார்க்க வேண்டும். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. யாட்டில் பல மணி நேரம் ஐட்லிங்கில் விட்ட இஞ்சினில் புகைபோக்கிப் பக்கம் எண்ணெய் தேங்கும். பாரம் ஏற்றியதும் அது பொறியாகப் பறக்கும். காய்ந்த மானாப் புல் நிறைந்த சரிவில் அது ஆபத்து.

கேள்வி: இந்த இஞ்சின் இராகலைப் பாதையில் ஓடியதா?
– வாசகர், கந்தப்பளை

இல்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை போன பாதையின் அகலம் 2 அடி 6 அங்குலம். எம்2 ஓடுவது 5 அடி 6 அங்குலப் பாதையில். அது வருவதற்கு முன்பே, 1940களிலேயே, இராகலைப் பாதை மூடப்பட்டுவிட்டது.

கேள்வி: மழை நாளில் சக்கரம் ஒரே இடத்தில் சுற்றுகிறது. சாரதி என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், ஒஹிய

முதலில் நொட்சைக் குறைக்க வேண்டும். சுற்றும் சக்கரத்துக்கு அடியில் மணல் போட்டால் அது திடீரென்று பிடிக்கும், அந்த அதிர்ச்சி பற்சக்கரத்தையும் அச்சையும் தாக்கும். எனவே குறைத்து, சக்கரம் அடங்கிய பின் மணலைத் திறந்து, ஒவ்வொரு நொட்சாக ஏற்ற வேண்டும். வழுக்கும் இடம் தெரிந்திருந்தால் அங்கு போகுமுன்பே மணலைத் தொடங்குவது இன்னும் நல்லது. கொட்டும் மழையைவிடத் தூறலும் பனிமூட்டமும் மோசம். பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறலோ துருவையும் எண்ணெயையும் நசுங்கிய இலையையும் குழைத்துப் பசையாக்கும்.

மணல் வேலை செய்யாத நாட்களில் பெரும்பாலும் குற்றம் மணலில்தான். ஈரமான மணல் குழாய்க்குள்ளேயே கட்டியாகிவிடும். உலர்த்திச் சலித்த மணலையே பெட்டியில் போட வேண்டும். குழாயின் வாய் தண்டவாளத்துக்கு நேராக இருக்கிறதா என்று புறப்படுமுன் குனிந்து பார்க்க வேண்டும். வளைவில் அது கொஞ்சம் விலகினாலும் மணல் கல்லுக்குள் போய்விடும்.

கேள்வி: 1950களின் இஞ்சினை இவ்வளவு காலம் எப்படிப் பழுதுபார்த்து ஓட்ட முடிந்தது? பாகம் கிடைக்குமா?
– ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஃபிட்டர், பதுளை

வடிவமைப்பே காரணம். 567 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, கன அங்குலத்தில். விட்டம் 8½ அங்குலம், வீச்சு 10 அங்குலம். ஹெட், லைனர், பிஸ்டன், கொனெக்டிங் ரொட் நான்கையும் ஒரே கட்டாகக் கழற்றலாம். அந்தக் கட்டுக்குப் பெயர் பவர் அசெம்பிளி. ஒரு சிலிண்டர் கெட்டால் அதை மட்டும் தூக்கிவிட்டு, தயாராக வைத்த இன்னொன்றை இறக்கலாம், முழு இயந்திரத்தையும் பிரிக்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. பின்னால் வந்த 645 ரக இயந்திரத்தின் வீச்சும் அதே 10 அங்குலம்தான், விட்டம் மட்டும் கொஞ்சம் கூடியது. அதனால் 645இன் பவர் அசெம்பிளி 567சியின் உடலிலும் பொருந்தும். 1979இலிருந்து ஜெர்மனியின் ஹென்ஷல் கட்டித் தந்த எம்6களில் இருப்பது இந்த 645தான்.

இந்த வசதிகள் இல்லாவிட்டால் 591 இலக்க 'மனிட்டோபா' மீண்டிருப்பது கடினம். 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் கடல் அள்ளிய ரயிலை இழுத்துச் சென்ற இஞ்சின் அது. உப்புத் தண்ணீரில் கிடந்ததைத் திருத்தி மீண்டும் ஓட்டினார்கள்.

நீங்கள் ஃபிட்டர் என்பதால் பலவீனத்தையும் சொல்கிறோம். லைனரைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் இறுகினால் குளிர்நீர் கசியும். அந்தத் தண்ணீர் கீழே எண்ணெய்க்குள் இறங்கினால் எண்ணெய் பால் நிறமாகும், பெயரிங் போகும். சிலிண்டருக்குள் தேங்கினால் இன்னும் மோசம், தண்ணீர் அமுங்காது. இஞ்சினை ஸ்டார்ட் செய்யும் கணத்தில் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். ஆகவே நீண்ட நேரம் நின்ற இஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. 12 சிலிண்டரின் டெஸ்ட் கொக்குகளையும் (உள்ளே இருப்பதை வெளியே விடும் சிறு குழாய்த் திறப்புகளை) திறந்து, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். எதிலிருந்தாவது தண்ணீர் தெறித்தால் அந்த சிலிண்டரின் லைனர் சீலையும் ஹெட்டையும் பார்த்துத் திருத்திய பிறகே கொக்குகளை மூடி ஸ்டார்ட் செய்யலாம்.