போர் விமானிகளின் நூல்கள்: எங்கே தொடங்குவது, எவ்வளவு நம்புவது?

கேள்வி: இரண்டாம் உலகப் போர் பற்றிய பொதுவான வரலாற்று நூல்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். போர் விமானிகள் தாங்களே எழுதிய அனுபவங்களைப் படிக்க ஆசை. ஆங்கிலம் ஓரளவு படிப்பேன். எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? அவர்கள் சொல்வதை அப்படியே நம்பலாமா?

பதில்: ரோல்ட் டால் எழுதிய 'கோயிங் சோலோ'வில் தொடங்குங்கள். சிறுவர் கதைகளால் உலகப் புகழ் பெற்ற அதே டால்தான். 1986-இல் வெளிவந்த நூல். முதற்பகுதி முழுவதும் ஆப்பிரிக்காவில் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் அவர் வேலை பார்த்த கதை; போர் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதையும் விட்டுவிடாமல் படியுங்கள், சுவையாகவே இருக்கும். வாக்கியங்கள் சிறியவை, அகராதியை அடிக்கடி புரட்ட வேண்டியிருக்காது. 1941 ஏப்ரலில் கிரேக்க நாட்டுக்கு அனுப்பப்பட்டபோது ஹரிக்கேன் விமானத்தை ஓட்டிப் பழக அவருக்குக் கிடைத்திருந்தது சில மணி நேரம்தான். அந்த நிலையில் ஓர் இளைஞனைச் சண்டைக்கு அனுப்பினார்களே என்ற கோபம், நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பிறகும் அவர் எழுத்தில் ஆறவில்லை.

இந்த நூலை முதலில் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு; உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. 1940 செப்டம்பரில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் டாலின் விமானம் தரையில் மோதி எரிந்தது. 1942-இல் அமெரிக்க வார இதழ் ஒன்றில் அவருடைய கட்டுரை வந்தபோது, எதிரி சுட்டு வீழ்த்தியதாகவே தலைப்பு சொன்னது. 'கோயிங் சோலோ'வில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறார்: புதிய தளம் இருக்கும் இடத்தைத் தவறாகச் சொல்லி அனுப்பினார்கள், தேடித் தேடி எரிபொருள் தீரும் நிலை வந்தது, இருட்டுவதற்குள் பாலைவனத்தில் இறங்க முயன்றபோது மோதியது. மனிதர் ஒருவர், சம்பவம் ஒன்று. எழுதிய காலம்தான் வேறு.

ஆகவே இந்த வகை நூல் எதைக் கையில் எடுத்தாலும், எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். போர் நடக்கும்போது எழுதியவருக்குத் தணிக்கை இருந்தது. நாட்டின் மனவுறுதியைக் காக்கும் கடமையும் இருந்தது. பல ஆண்டுகள் கழித்து எழுதியவருக்கு அந்தத் தளைகள் இல்லை, ஆனால் நினைவு மங்கியிருக்கும்.

வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையை மட்டும் எவர் சொன்னாலும் அப்படியே ஏற்காதீர்கள். 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. ஜெர்மனி உண்மையில் இழந்தது சுமார் 60. இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஒரே விமானத்தை மூன்று பேர் சுடுவார்கள், மூவரும் தன் குண்டில்தான் விழுந்தது என்று மனதார நம்புவார்கள். புகையோடு மேகத்துக்குள் பாய்ந்த விமானம் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

ஜப்பானிய விமானி சபுரோ சகாயின் 'சாமுராய்!' (1957) இதற்கு நல்ல பயிற்சி. அவர் நேரடியாக எழுதிய நூல் அன்று. பேட்டிகளை வைத்து அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் விறுவிறுப்பாகக் கோத்தது. அவர் 64 விமானங்களை வீழ்த்தினார் என்ற கணக்கை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. 1942 ஆகஸ்ட் 7 அன்று குவாடல்கனால் தீவுக்கு மேலே, சண்டை விமானங்கள் என்று நினைத்து அவர் பின்னாலிருந்து நெருங்கியவை, பின்பக்கத் துப்பாக்கி வீரர்கள் அமர்ந்திருந்த குண்டுவீச்சு விமானங்கள். தலையில் குண்டு பாய்ந்தது. ஒரு கண் தெரியவில்லை, உடலின் ஒரு பக்கம் மரத்துப்போனது. அந்த நிலையில் கடல்மேல் சுமார் 1,000 கிலோமீட்டர், நாலே முக்கால் மணி நேரம் பறந்து ரபாவுல் தளத்தில் இறங்கினார். அன்று அவர் நெருங்கியது எந்த வகை விமானம் என்பதை நூல் தவறாகச் சொல்கிறது. அமெரிக்க ஆவணங்கள் பின்னாளில் அதைத் திருத்தின. அந்தப் பயணம் மட்டும் அசைக்க முடியாத உண்மை.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெஃப்ரி வெல்லமின் 'ஃபர்ஸ்ட் லைட்'. 18 வயதில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தை ஓட்டியவர். நூல் வந்தது 2002-இல், அவர் எண்பதைத் தொட்டபோது. வீரப் பட்டியல் எதுவும் இதில் இல்லை. மோசமான வானிலையில் தனியாகக் கடல்மேல் போய்விட்டு, எரிபொருள் குறையக் குறையத் தளத்தைத் தேடித் திரும்பும் பகுதியை நிதானமாகப் படியுங்கள். எதிரியைவிட மேகத்துக்கு விமானி எவ்வளவு அஞ்சினான் என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய எழுத்து குறைவு. பையன் மெல்ல மெல்லச் சோர்ந்து உடைந்துபோவதையும் அவர் ஒளிக்கவில்லை.

இதற்கு நேர் எதிர்முனையில் ரிச்சர்ட் ஹில்லரியின் 'தி லாஸ்ட் எனிமி', 1942-இல் போருக்கு நடுவிலேயே வந்தது. கையுறை அணியாமல், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பறந்தவர். விமானம் தீப்பற்றியபோது மேல்மூடி திறக்கவில்லை. முகமும் கைகளும் வெந்தன. அறுவை சிகிச்சைகளைப் பற்றிய பக்கங்கள் கடினமானவை. மனம் தயாராக இருக்கும்போது எடுங்கள். கொஞ்சம் இலக்கியப் பாங்கான ஆங்கிலம் வேறு.

முதல் உலகப் போர் வேண்டுமென்றால் செசில் லூயிஸின் 'சாஜிட்டேரியஸ் ரைசிங்' (1936) போதும்.

நம் துணைக்கண்டத்து வான்போரைப் படிக்க விரும்பினால் இரண்டு நூல்களைச் சேர்த்து வாங்குங்கள். ஒன்று, பாகிஸ்தான் விமானி சஜ்ஜாத் ஹைதர் எழுதிய 'ஃப்ளைட் ஆஃப் தி ஃபால்கன்' (2009). தன் தரப்புத் தலைமையின் குறைகளையும் தயங்காமல் சொல்கிறார். மற்றது ஜகன் மோகனும் சமீர் சோப்ராவும் எழுதிய 1965 வான்போர் வரலாறு. தன்வரலாறு இல்லையென்றாலும் விமானிகளின் நினைவுகளையும் இரு தரப்புக் கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்து எழுதியது. 1965 செப்டம்பர் 6 மாலை பதான்கோட் தளத்தின்மீது நடந்த தாக்குதல் இரண்டிலும் வருகிறது. அதற்குத் தலைமையேற்று வந்தவரே ஹைதர்தான். அந்தப் பகுதியை முதலில் அவர் நூலிலும் உடனே மற்றதிலும் படியுங்கள்.