லோகோ தயார் என்பவர்களுக்கு ஒரு பதில்

கேள்வி: நுகர்வோர் பொருட்களில் புதுமையான பிராண்டுகளை உருவாக்கிய நிறுவனர்களிடமிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம்? எங்களிடம் பெயரும் லோகோவும் தயாராக இருக்கின்றன. அடுத்து எங்கே தொடங்குவது?

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பெயரும் லோகோவும் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அதே இடத்தில்தான் நின்றேன்.

வீட்டு உபயோகப் பொருட்கள் தயாரிக்கும் துறையில் 11 வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒரு நண்பரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு சின்ன பிராண்ட் ஆரம்பித்தேன். பொருள், வயதானவர்களுக்கான மாத்திரை டப்பா. வாரத்துக்கு ஏழு அறை, ஒவ்வொன்றுக்கும் தனி மூடி. பெயருக்கு ஒரு மாதம் போனது. லோகோவுக்கும் நிறத்துக்குமாக இன்னும் மூன்று மாதம். நடுவில் ஒரு சர்வேயும் எடுத்தோம். பதில் சொன்ன எல்லோரும் நிறம் அழகாக இருக்கிறது என்றார்கள். அதை நம்பி, டப்பாவை வார்க்கும் மோல்டு (அச்சு) வெட்டக் கொடுத்துவிட்டோம்.

முதல் தொகுப்பு வந்ததும் நண்பரின் அம்மாவிடம் ஒன்றைக் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி" என்றார். ஒரு வாரம் கழித்து வேறு வேலையாக அந்த வீட்டுக்குப் போனபோது, அவர் காலை மாத்திரை எடுப்பதைத் தற்செயலாகப் பார்த்தேன். டப்பாவை மேஜையில் அழுத்திப் பிடித்தார். கட்டைவிரல் நகத்தால் மூடியின் விளிம்பை நெம்பினார். நகம் வழுக்கியது. மறுபடி நெம்பினார். அப்புறம் பக்கத்தில் இருந்த ஒரு ஸ்பூனை எடுத்து, அதன் காம்பை இடுக்கில் விட்டுத் திறந்தார். மூடி பட்டென்று திறந்த வேகத்தில் ஒரு மாத்திரை தரையில் உருண்டது.

ஸ்பூன் அங்கே தயாராக இருந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. மூடியின் ஓரமெல்லாம் கீறல். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் திறந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எனக்குத்தான் விரல்ல தெம்பு இல்ல தம்பி, டப்பா நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பொருளின் குறையைத் தன் கையின் குறையாக அவர் எடுத்துக்கொண்டார். நம் பொருளை வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான். புகார் சொல்ல மாட்டார்கள், ஸ்பூனைத் தேடிக்கொள்வார்கள். எந்த சர்வேயிலும் அந்த ஸ்பூன் வராது. நிறுவனர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. அன்றைக்குப் பிறகுதான் அவர்கள் கதைகளே எனக்குச் சரியாகப் புரிய ஆரம்பித்தன.

ஆக்ஸோ என்ற அமெரிக்க பிராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடங்கிய சாம் ஃபார்பர், சமையலறைப் பொருட்கள் தொழிலிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி பெட்ஸிக்குக் கையில் மூட்டுவலி. சாதாரண இரும்பு பீலரால் தோல் சீவ அவர் கஷ்டப்படுவதை ஃபார்பர் பார்த்தார். அந்த பீலர் பல பத்தாண்டுகளாக மாறாமல் அப்படியே இருந்த பொருள். இத்தனை வருடம் இதே தொழிலில் இருந்தவருக்கு, மனைவியின் விரல்களைப் பார்த்த பிறகுதான் அந்தக் கைப்பிடி மோசமானது என்று தெரிகிறது. நியூயார்க்கின் ஸ்மார்ட் டிசைன் நிறுவனத்தோடு சேர்ந்து தடித்த, மெத்தென்ற, ஈரக்கையிலும் நழுவாத ரப்பர் கைப்பிடியை உருவாக்கினார். 1990-இல் அந்தக் கருவிகள் கடைக்கு வந்தன.

இதில் நான் மிகவும் மதிக்கும் முடிவு ஒன்று உண்டு. அந்த பீலரை அவர்கள் 'மூட்டுவலிக்காரர்களுக்கான கருவி' என்று விற்கவில்லை. வலி உள்ள கைக்கு எளிதாக இருந்தால் எல்லாக் கைக்கும் எளிதாகத்தானே இருக்கும்? அதனால் எல்லோருக்குமான பொருளாகவே வைத்தார்கள். கைப்பிடியின் இரு பக்கமும் மெல்லிய வரிகள் இருக்கும். கடையில் பார்க்கிறவர் யாரும் சொல்லாமலே விரலை அங்கே வைத்து அழுத்திப் பார்ப்பார். இங்கே பிராண்ட் என்பது அந்த அழுத்தத்தில் இருக்கிறது. பெயரை மறந்தவர்கூட கைப்பிடியை மறக்க மாட்டார்.

சரி, பார்த்தால் மட்டும் போதுமா? தவறாகவும் பார்க்கலாம். சோனியின் இணை நிறுவனர் அகியோ மொரிட்டாவுக்கே அது நடந்தது. 1979-இல் வாக்மேன் வந்தபோது, பதிவு செய்ய முடியாத டேப் கருவியை யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே சந்தேகம் இருந்தது. மொரிட்டா விடாப்பிடியாக நின்றார், அவர் நினைத்ததுதான் சரியாகவும் இருந்தது. ஆனால் அதே கருவியில் அவருடைய ஊகம் ஒன்று தவறிப்போனது. ஒருவர் மட்டும் தனியாகப் பாட்டுக் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று அவருக்குத் தோன்றியது. அதனால் முதல் மாடலில் இரண்டு ஹெட்போன் துளைகள் வைத்தார்கள். கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் குறைந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவது மைக் வழியாகக் கேட்கும்.

வாங்கியவர்களோ அதைத் தங்கள் தனி உலகமாக வைத்துக்கொண்டார்கள். பகிர்ந்து கேட்க அவர்களுக்கு விருப்பமே இல்லை. பின்னால் வந்த மாடல்களில் அந்த ஆரஞ்சு பொத்தான் காணாமல் போனது. வாக்மேன் கதையைச் சொல்கிற பலரும் மொரிட்டாவின் தொலைநோக்கைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். எனக்கு அந்தப் பொத்தானை எடுத்துவிட்டதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. தன் மனதுக்குப் பிடித்த ஒன்றை, மக்கள் பயன்படுத்தும் விதத்தைப் பார்த்துக் கைவிடுவது எந்த நிறுவனருக்கும் லேசான காரியம் இல்லை.

இதற்கு நேர் எதிரான முடிவு ஜேம்ஸ் டைசனுடையது. பை இல்லாத வேக்குவம் கிளீனருக்காக அவர் 5,127 மாதிரிகள் செய்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. விடாமுயற்சிக்கு உதாரணமாக அதைச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது அவருடைய முறை. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். எதனால் நன்றாக வேலை செய்கிறது, எதனால் கெட்டது என்று தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழி. அப்புறம் அந்தத் தூசி சேரும் பகுதி. அதைக் கண்ணாடி போல வெளியே தெரியும்படி வைத்தார். அழுக்கை யார் பார்க்க விரும்புவார்கள், இதை மறைத்துவிடுங்கள் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். டைசன் கேட்கவில்லை. தரையைச் சுத்தம் செய்தவருக்கு, தான் எவ்வளவு தூசியை எடுத்தோம் என்று கண்ணால் பார்ப்பதில் ஒரு திருப்தி உண்டு. செய்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும், கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். 1993-இல் வந்த டிசி01 மாடலின் அடையாளமே அந்தத் தெரியும் அழுக்குதான்.

மக்கள் வேண்டாம் என்றால் எடுக்க வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா என்று நீங்கள் குழம்பலாம். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். பொருளைக் கையில் எடுத்துப் பயன்படுத்தியவர் செய்வதை நம்புகிறேன். பயன்படுத்தாமல் கருத்து சொல்கிறவரை அந்த அளவுக்கு நம்புவதில்லை. மொரிட்டாவின் பொத்தானை ஒதுக்கியவர்கள் முதல் வகை. டைசனிடம் அழுக்கை மறைக்கச் சொன்னவர்கள் இரண்டாம் வகை.

புதுப் பொருளில் இன்னொரு சிக்கல் உண்டு. அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அலமாரியில் சும்மா இருந்தால் யாருக்கும் புரியாது. ஏர்ல் டப்பர் 1946-இல் டப்பர்வேரைக் கொண்டுவந்தபோது கடைகளில் அது சரியாகப் போகவில்லை. மூடியை அழுத்தி, ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றினால்தான் அது இறுக மூடும். இதைச் செய்து காட்ட ஆள் வேண்டும். பிரவுனி வைஸ் என்ற பெண் வீடுகளில் பெண்களைக் கூட்டி, டப்பாவில் எதையாவது ஊற்றி மூடித் தூக்கிப் போட்டுக் காட்டி விற்றார். அவர் விற்ற அளவைப் பார்த்த டப்பர், 1951-இல் கடை விற்பனையையே நிறுத்திவிட்டு அவரைத் துணைத் தலைவராக்கினார். பொருளைக் கண்டுபிடித்தவர் டப்பர், அது எப்படி விற்கும் என்று கண்டுபிடித்தவர் வைஸ். இரண்டாவதும் கண்டுபிடிப்புதான். ஆனால் 1958-இல் அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும்.

ஸ்பேன்க்ஸ் தொடங்கிய சாரா பிளேக்லியும் இதே வழியில்தான் போனார். ஃபேக்ஸ் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தவர். 5,000 டாலர் சேமிப்போடு, பாதப் பகுதி வெட்டப்பட்ட இறுக்க உள்ளாடையைக் கையில் எடுத்தார். பெரிய கடை ஒன்றின் கொள்முதல் அதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சு எடுபடவில்லை என்று தோன்றியதும் அவரை ஓய்வறைக்கு அழைத்துப் போய், அதைப் போட்டுக்கொள்வதற்கு முன்னும் பின்னும் எப்படி இருக்கிறது என்று தானே காட்டினார். ஆர்டர் கிடைத்தது. உங்கள் பொருளின் வேலையை அரை நிமிடத்தில் எப்படிக் கண்ணால் காட்டுவீர்கள்? இதற்குப் பதில் இல்லையென்றால் விளம்பரத்துக்கு எவ்வளவு கொட்டினாலும் வீண்தான்.

தரம் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன். லெகோ, பிளாஸ்டிக் கட்டைகளுக்கு முன்னால் மர பொம்மை செய்த நிறுவனம். நிறுவனர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சனின் மகன் காட்ஃபிரட், மர வாத்துகளுக்கு வழக்கமான மூன்று பூச்சுக்குப் பதில் இரண்டு பூச்சு வார்னிஷ் மட்டும் அடித்து அனுப்பிவிட்டு, பணம் மிச்சம் பிடித்தேன் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார். அப்பா அவரை ரயில் நிலையத்துக்கே திருப்பி அனுப்பி, பெட்டிகளை மீட்டு வந்து, ராத்திரியோடு ராத்திரியாக மூன்றாவது பூச்சும் அடிக்க வைத்தார். அதே காட்ஃபிரட்தான் 1958-இல் இன்றைய லெகோ கட்டைக்குக் காப்புரிமை கோரியவர். அந்த வருடத்துக் கட்டை இன்றைய கட்டையோடு இன்னமும் கச்சிதமாகப் பொருந்தும்.

லாபம் தரும் பொருளையே கைவிட்டவர்களும் உண்டு. பட்டகோனியா என்ற உடை பிராண்டை நிறுவிய இவோன் ஷூய்னார்டு அதற்கு முன் மலையேற்றக் கருவிகள் செய்துகொண்டிருந்தார். பாறையில் சுத்தியலால் அடித்து இறக்கும் இரும்பு ஆணிகள்தான் வியாபாரத்தில் 70 சதவீதம். அந்த ஆணிகள் தனக்குப் பிரியமான பாறைகளையே சிதைப்பதைக் கண்டு அவற்றைப் படிப்படியாக நிறுத்தினார். 1972 கேட்டலாகில், கையாலேயே செருகி எடுக்கக்கூடிய அலுமினியக் கட்டைகளை முன்வைத்து, ஏன் மாற வேண்டும் என்று பக்கம் பக்கமாக விளக்கினார்கள். சில மாதங்களில் ஆணி வியாபாரம் விழுந்து, புதியது செய்து மாளாத அளவுக்கு விற்றது. அந்தப் பாறைகளை அவரே ஏறிக்கொண்டிருந்தார் என்பது முக்கியம். அலுவலகத்தில் இருந்திருந்தால் அவர் கண்ணில் விற்பனைக் கணக்கு மட்டுமே பட்டிருக்கும்.

தோல்வி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூசெரோ என்ற ஜூஸ் இயந்திரம் 2016-இல் சந்தைக்கு வந்தது. நிறுவனமே விற்கும் நறுக்கிய பழ, காய் பாக்கெட்டை உள்ளே வைத்தால் அது பிழிந்து தரும். 10 கோடி டாலருக்கு மேல் முதலீடு, அழகான வடிவமைப்பு, 699 டாலர் விலை. மறு வருடம் செய்தியாளர்கள் அந்த ஜூஸ் பாக்கெட்டை வெறும் கையால் பிழிந்து பார்த்தார்கள். இயந்திரம் பிழிகிற அளவுக்குக் கையும் பிழிந்தது. அந்த வருடமே நிறுவனம் மூடப்பட்டது. அங்கே இருந்த பொறியாளர்கள் திறமையானவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இயந்திரம் தீர்த்துவைக்கும் கஷ்டம் என்று எதுவும் யாருடைய கையிலும் இருக்கவில்லை.

எங்கள் டப்பா என்ன ஆனது என்று கேட்பீர்கள். தாழ்ப்பாளைத் தளர்த்தினோம், பைக்குள்ளேயே திறந்து மாத்திரை கொட்டியது. இறுக்கினோம், பழைய கதை. கடைசியில் நகத்தால் நெம்புவதையே விட்டுவிட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் பக்கவாட்டில் அழுத்தினால் மூடி மெதுவாக எழும்படி செய்தோம். அதற்குள் 40-க்கும் மேற்பட்ட மாதிரிகள், எட்டு மாதம், இரண்டாவது மோல்டுக்குக் கடன். புது மாடலுக்கு வந்த ரிவ்யூக்களில் நிறத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. "அம்மா இப்போது தானே திறந்துகொள்கிறார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை அச்செடுத்து மேஜைக்கு மேலே ஒட்டினோம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நாம் படிப்பதெல்லாம் ஜெயித்தவர்களின் கதை. இதே உழைப்பைப் போட்டுத் தோற்றவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. டைசன் மாதிரி மேல் மாதிரி செய்த வருடங்களில், ஓவிய ஆசிரியையான அவருடைய மனைவியின் சம்பளம் குடும்பத்துக்குக் கைகொடுத்தது. அது இல்லாதவர் 500-ஆவது மாதிரியிலேயே நின்றிருக்கலாம், அது அவர் தப்பும் அல்ல.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். லோகோ கோப்பை இப்போதைக்கு மூடி வையுங்கள். வருமானம் இல்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், அதில் பாதியை மாதிரிகளுக்கு ஒதுக்குங்கள். மோல்டு இப்போது வேண்டாம், அட்டையும் பசையும் போதும். முதல் மாதிரியை ஐந்து பேர் வீட்டில் ஒரு வாரம் விட்டுவைத்துவிட்டு, அவர்கள் அதை எடுக்கும் நேரத்துக்குப் போய் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். பக்கத்தில் ஒரு ஸ்பூன் இருக்கிறதா என்று பாருங்கள்.