பேதி நின்ன பிறகும் பால் ஏன் ஒத்துக்கலை?

அண்ணாச்சி, 4 வயசுப் பிள்ளைக்குப் பேதி நின்னும், பால் குடிச்சா வயிறு ஊதி மறுபடி தண்ணியாப் போகுதுன்னு கேட்டிருந்தீங்க. பாலிலுள்ள லாக்டோஸ்ங்கிற சர்க்கரையை உடைக்கிற நொதி, சிறுகுடலின் உள்சுவரில் விரல் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற குடலுறிஞ்சிகளில் மேலே இருக்கிற முதிர்ந்த செல்களில்தான் உண்டு. பேதி உண்டாக்குற ரோட்டா மாதிரி வைரஸ் அழிக்கிறதும் அதே செல்களைத்தான்; அதான் பால் செரிக்காம வயிறு ஊதுது. புதுச் செல் உறிஞ்சியின் அடியிலுள்ள குழியில் பிறந்து, ஏற ஏற முதிர்ந்து, 3 முதல் 5 நாளில் நுனிக்கு வந்து உதிரும். உறிஞ்சியே குட்டையாயிருந்தா அது வளர்ந்து நொதி நிறைய 2 வாரமும் ஆகலாம். அதுவரை பாலும் பால்கோவாவும் வேண்டாம். லாக்டோஸ் குறைஞ்ச, நல்லாப் புளிச்ச தயிர்ச்சோறு கொஞ்சமாக் கொடுத்துப் பாருங்க. (சொதிக்கு ஊத்துற தேங்காய்ப்பாலில் லாக்டோஸே கிடையாது.) டாக்டர் எழுதின துத்தநாக மருந்தைப் பேதி நின்னுட்டுன்னு பாதியில் விட்டுராதீங்க; வழக்கமா தினம் 20 மி.கி., 14 நாள். ரத்தம் கலந்து போனாலோ, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ அன்னைக்கே காட்டுங்க.