கவுன்சிலர் கையில் எவ்வளவு?

அன்புள்ள அக்காவுக்கு,

மீன் வாசனை, பாக்ஸிங், கத்திக்குத்து இல்லாமல் வடசென்னையைப் பற்றி எழுதுகிறவர் நீங்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

எங்கள் ஊர் 2011 வரை தனி நகராட்சி. இப்போது சென்னை மாநகராட்சி. எங்கள் தெருவில் சிமெண்ட் ரோடு போட்டார்கள். கொஞ்ச நாளில் யாரோ வந்து குழாய்க்காக வெட்டினார்கள். மறுபடி பழைய ரோட்டின் மேலேயே போட்டார்கள். இப்போது வாசற்படி ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. மழை வந்தால் தண்ணீர் நேராகக் கூடத்துக்கு வருகிறது. கவுன்சிலரிடம் போனால் ‘ஃபண்டு இல்லப்பா’ என்கிறார். பேப்பரில் பட்ஜெட் 8,400 கோடி என்று போட்டிருக்கிறது. மன்றக் கூட்டத்தில் கட்டுக்கட்டாகத் தீர்மானங்களை ஒரே மூச்சில் நிறைவேற்றிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். போட்ட ரோட்டை வெட்டக் கூடாது என்று இவர்களே ஒரு சட்டம் போட முடியாதா? அப்பா, ‘நகராட்சியா இருந்திருந்தா சேர்மன் வீட்டு வாசல்ல போய் நின்னிருக்கலாம்’ என்கிறார். பழையபடி தனி நகராட்சி கேட்டால் என்ன? இல்லை, எல்லாரும் திருடர்கள் என்று விட்டுவிட வேண்டியதுதானா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

பெயரோடு ஊரையும் எடுத்துவிட்டேன். கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் என்ற நான்கில் ஏதோ ஒன்று என்ற அளவில் இருக்கட்டும்.

உங்கள் கவுன்சிலர் ‘ஃபண்டு இல்லப்பா’ என்றது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு சுமார் 8,404 கோடி ரூபாய். அதே பட்ஜெட்டில்தான் கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதியை 50 லட்சத்திலிருந்து 60 லட்சமாக உயர்த்தினார்கள். 200 வார்டுக்கும் சேர்த்தால் 120 கோடி. ஆக, மாநகராட்சி நூறு ரூபாய் செலவழித்தால் அதில் ‘இதைச் செய்யுங்கள்’ என்று கவுன்சிலர் கைகாட்டக்கூடியது ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு. ஒரு பள்ளிக்கூடக் கழிப்பறை, ஒரு பூங்கா வேலி, இரண்டு சந்துக்கு ரோடு என்று எடுத்தால் அந்த 60 லட்சம் எங்கே போனது என்றே தெரியாது.

மீதி எங்கே போகிறது? பட்ஜெட்டில் இரண்டு கணக்கு உண்டு. வருவாய்க் கணக்கு என்பது அன்றாடம்: சம்பளம், ஓய்வூதியம், குப்பை, தெருவிளக்கு, கடனுக்கு வட்டி. 2025-26இல் இந்தக் கணக்கில் வரவு சுமார் 5,145 கோடி, செலவு 5,214 கோடி. அதாவது நீங்கள் கட்டும் சொத்து வரியும், தொழில் வரியும், மாநில அரசு கொடுக்கும் பங்கும் சேர்ந்தும் அன்றாடச் செலவுக்கே பற்றவில்லை. ரோடு, மழைநீர் வடிகால், பாலம் எல்லாம் மூலதனக் கணக்கில் வரும். அங்கே வருகிற பணத்தில் பெரும்பகுதி கடனும் மானியமும்தான். அந்தப் பணம் இன்ன வேலைக்கு, இன்ன இடத்துக்கு என்று எழுதி ஒட்டித்தான் வரும். மன்றம் விரும்பினாலும் வேறு தெருவுக்குத் திருப்ப முடியாது.

உங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதி மழைநீர் வடிகால் திட்டம் 3,220 கோடி, 769 கிலோமீட்டர், ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு. செய்கிறது மாநகராட்சிதான். ஆனால் வடிகால் எந்தத் தெருவில் எந்த மட்டத்தில் ஓட வேண்டும் என்பது திட்ட அறிக்கையில் முடிந்துபோன விஷயம், உங்கள் வார்டு கவுன்சிலர் பதவிக்கு வருவதற்கு முன்பே. 2024 மார்ச்சில் தங்கசாலையில் முதலமைச்சர் தொடங்கி வைத்த வடசென்னை வளர்ச்சித் திட்டம், அப்போது 4,181 கோடி, அதை முன்னின்று நடத்துவது சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். அது மன்றத்துக்குக் கட்டுப்பட்ட அமைப்பு இல்லை. கழிவுநீர்? 1978இலிருந்தே மெட்ரோ வாட்டர் தனி வாரியம். வடசென்னைக்குப் பணம் வரவில்லை என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. வருகிற பணத்தில் பெரும்பகுதி நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் உட்கார்ந்திருக்கும் மேஜை வழியாக வருவதில்லை, அதுதான் விஷயம்.

சட்டம் போடுவதும் இதே கதைதான். மாநகராட்சி சட்டம் இயற்றாது. தீர்மானம் போடலாம், துணை விதிகள் கொண்டுவரலாம், அதற்கும் மாநில அரசு தலையசைக்க வேண்டும். இவர்களை ஆளுகிற சட்டமே கோட்டையில் எழுதியது; 1919ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2023 ஏப்ரலிலிருந்து 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடப்பில் இருக்கிறது. 2022இல் சொத்து வரி ஏறியது ஞாபகம் இருக்கும். பழைய சென்னையில் வீட்டின் அளவைப் பொறுத்து 50 முதல் 150 சதவீதம், உங்களைப் போல 2011இல் சேர்ந்த ஊர்களுக்கு 25 முதல் 100 சதவீதம். மன்றத்தில் சிறப்புக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள்தான். ஆனால் சதவீதம் அரசு அறிவிப்பில் ஏற்கெனவே வந்துவிட்டது. பிப்ரவரியில் தேர்தல், மார்ச்சில் பதவியேற்பு, ஏப்ரலில் இந்தக் கூட்டம். கவுன்சிலர்கள் கை தூக்கக் கற்றுக்கொண்டதே இதில்தான் என்று நான் அப்போது கொஞ்சம் குரூரமாகச் சொன்னேன். இப்போதும் அதை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ரோடு வெட்டும் விஷயத்தில் உங்களுக்குப் புதுச் சட்டம் தேவையே இல்லை, இருப்பதே போதும். மெட்ரோ வாட்டரோ மின்வாரியமோ ரோட்டை வெட்டவேண்டுமானால் மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும், ரோட்டைச் சீர்செய்யும் கட்டணத்தைக் கட்டவேண்டும். அந்தப் பணம் உங்கள் தெருவை மறுபடி போடுவதற்காக வாங்கியது. அப்புறம், பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலே போடக் கூடாது என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் உத்தரவே அனுப்பியிருக்கிறார். ஆக, உங்கள் வாசற்படி விஷயத்தில் கேட்க வேண்டியது இரண்டு: வெட்டியவர்கள் பணம் கட்டினார்களா, போட்டவர்கள் சுரண்டினார்களா. இரண்டுக்கும் காகிதத்தில் பதில் இருக்கும், இருந்தே ஆகவேண்டும்.

இந்தக் காகித விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் ஆட்கள் மேயரின் பட்ஜெட் உரையைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள், வேலையை அளந்து எழுதும் எம் புக்கை, அதாவது அளவுப் புத்தகத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

ஒரு தெரு ரோடு எப்படிப் பிறக்கிறது? மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் எஸ்டிமேட் போடுவார். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, கனம் இவ்வளவு, ஷெட்யூல் ரேட், அதாவது அரசு நிர்ணயித்த விலை, இவ்வளவு. மேலே இருப்பவர்கள் ஒப்புதல் கொடுப்பார்கள். தொகை பெரிதானால் நிலைக்குழு, மன்றம் என்று போகும். பிறகு டெண்டர். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் விதிகள் 2000, இரண்டும் படிக்க நன்றாகவே இருக்கும். இரண்டு கோடி வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் தரவேண்டும். நாளைக் குறைத்தால் மேலதிகாரி காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குறைந்த விலை கேட்டவருக்குத்தான் வேலை, பேரம் பேசினாலும் அவரிடம் மட்டும்தான் பேசலாம், அதுவும் விலையைக் குறைக்க மட்டும்.

இதையெல்லாம் மீறாமலேயே தப்பு நடக்க வழியிருக்கிறது. முப்பது நாற்பது தெருவை ஒரே பேக்கேஜாகக் கட்டிவிட்டால் சின்ன கான்ட்ராக்டர் கிட்டே வர முடியாது, மிச்சமிருக்கும் மூன்று பேர் எஸ்டிமேட்டுக்கு யார் ‘லெஸ்’ (குறைத்து) போடுவது, யார் ‘எக்ஸஸ்’ (கூட்டி) போடுவது என்று டீக்கடையிலேயே பேசி முடிக்கலாம். பேசுவார்கள் என்று நான் சொல்லவில்லை, பேச வசதியாக இருக்கும் என்கிறேன்.

வேலை முடிந்ததும் அளந்து எம் புக்கில் எழுதவேண்டும். பில் பாஸாவது அந்தப் பக்கத்தை வைத்துத்தான். நீளத்தையும் அகலத்தையும் யார் வேண்டுமானாலும் டேப் பிடித்துச் சரிபார்க்கலாம், அதில் ஏமாற்றுகிறவன் கற்றுக்குட்டி. கனம்தான் மண்ணுக்குள் போய்விடுகிறது. எஸ்டிமேட்டில் இருப்பதைவிட ஓரங்குலம் குறைத்துப் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும், அடுத்த மழைக்காலம் வரை. உங்கள் தெருவில் பழைய ரோட்டின் மேலேயே போட்டார்கள் என்கிறீர்கள். அப்படியானால் சுரண்டும் வேலைக்கு எஸ்டிமேட்டில் பணம் இருந்ததா, எம் புக்கில் சுரண்டியதாக எழுதியிருக்கிறதா என்பதைப் பார்த்தால் கதை வெளியே வந்துவிடும்.

தகவல் உரிமைச் சட்டம் என்றால் மனு போட்டுக் காகிதம் வாங்குவது என்றுதான் நினைக்கிறோம். நடக்கிற வேலையைப் போய்ப் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைக் கேட்டு வாங்கவும் அந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது.

சரி, மன்றம். ஒரே மூச்சில் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள் என்கிறீர்கள். சலிப்பாக இருக்கும், தெரியும். ஆனால் அந்தக் கட்டில் என்ன இருந்தது என்று பிறகுதான் தெரியவரும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலை தனியாருக்குப் போனதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தியதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். அந்த வேலைக்கும் ஜூன் மாதத்தில் மன்றத்தில் ஒரு தீர்மானம் இருந்தது. ஜூனில் அதைப் பற்றி யார் பேசினோம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

கேட்கிற பழக்கம் இந்த ஊருக்கு விட்டுப்போனதற்குக் காரணமும் உண்டு. 1688இல் தொடங்கிய மாநகராட்சி என்று பெருமையடிக்கிறோம். 1973இல் மஸ்டர் ரோல் (வேலையாட்கள் வருகைப் பட்டியல்) ஊழல் வெடித்து மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996இல். 23 வருடம் கவுன்சிலரே இல்லை. மறுபடி 2016 கடைசியிலிருந்து 2022 வரை இல்லை, தனி அலுவலர் ஆட்சி. ஒரு தலைமுறையே அதிகாரியிடம் மனு கொடுத்து வளர்ந்திருக்கிறது. கவுன்சிலரும் அதே தலைமுறைதான், பாவம், அவரும் கமிஷனரிடம் மனு கொடுக்கிறார்.

மன்றம் என்றால் எப்போதுமே இப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது. பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்குப் பெயராக நிற்கும் சர் பிட்டி தியாகராயர் மன்றத் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கும் சேர்த்தே. மதிய உணவுக்கும் காலை உணவுக்கும் இன்று வரலாறு சொல்கிறவர்கள் அந்த ஓரணாத் தீர்மானத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

தனி நகராட்சி விஷயத்தில் அப்பாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர் சொல்கிற அருகாமை உண்மை. சேர்மனைக் கடைத்தெருவில் பிடித்துக் கேட்டுவிடலாம். ஆனால் ஒரு சின்ன நகராட்சி எவ்வளவு கடன் வாங்கி எவ்வளவு நீளம் வடிகால் கட்டியிருக்கும்? எண்ணூர்ப் பக்கம் வெள்ளம் எல்லை பார்த்து வருவதில்லை. 2011இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 174 சதுர கிலோமீட்டரை 426 ஆக்கியபோது வந்த பிழை சேர்த்ததில் இல்லை. மண்டலத்துக்கு என்று தலைவர் இருக்கிறார், கூட்டம் நடக்கிறது, ஆனால் தனக்கென்று கணக்கும் தீர்மானிக்கும் உரிமையும் போதிய அளவு கொடுக்கவில்லை. கேட்பதானால் அதைக் கேட்க வேண்டும்: திருவொற்றியூர் மண்டலத்தில் வசூலாகும் சொத்து வரியில் இத்தனை பங்கு அந்த மண்டலத்தின் 14 கவுன்சிலர்களும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும் என்று. தனி நகராட்சி கேட்டால் இன்னொரு சேர்மன் கிடைப்பார், பணம் கிடைக்காது.

எல்லாரும் திருடர்களா? சிலர். அப்படிச் சொல்லிவிட்டு எழுந்துபோவது அந்தச் சிலருக்கு ரொம்ப வசதி.

நடைமுறைக்கு வருகிறேன். 2022இல் வந்த விதிப்படி ஒவ்வொரு வார்டிலும் வார்டு குழுவும் பகுதி சபைகளும் உண்டு. ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்களில் சபை கூட வேண்டும். உங்கள் பகுதியில் கூடுகிறதா என்று கவுன்சிலரிடமே கேளுங்கள். ‘ஃபண்டு’ என்ற சொல் வராத கேள்வி, அதனால் பதில் சொல்லியே ஆகவேண்டும். கூட்டம் நடந்தால் தெருக்காரர்கள் பத்துப் பேரோடு போய் வாசற்படி விஷயத்தைப் பதிவேட்டில் எழுத வையுங்கள்.

தகவல் மனுவை மண்டல அலுவலகத்துக்குப் போடுங்கள், பத்து ரூபாய்தான். அதில் ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஏன் என்பதற்கு அவர்கள் பதில் தரவேண்டியதில்லை. ஆவணத்தைக் கேளுங்கள்: எங்கள் தெரு வேலையின் எஸ்டிமேட் நகல், வேலை ஆணை, எம் புக்கில் அந்த வேலை வரும் பக்கங்கள், பாஸான பில், ரோடு வெட்ட யாருக்கு எந்தத் தேதியில் அனுமதி கொடுத்தீர்கள், எவ்வளவு கட்டணம் வந்தது. முப்பது நாளில் பதில் வரவேண்டும். எம் புக் பக்கம் கிடைத்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அதை வைத்துக்கொண்டு தனியாகவே எழுதலாம்.

அன்புடன்,
அக்கா