நகையை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: வாட்டர் கலரில் பூவும் பழமும் ஓரளவு கைவந்துவிட்டது. இப்போது பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் மோரோவின் 'தி அப்பாரிஷன்' படத்தை (யோவானின் வெட்டுண்ட தலை சலோமியின் முன் தோன்றும் பைபிள் காட்சி) ஏ4 தாளில் பார்த்து வரைகிறேன். சலோமியின் நகைகள், தூண் வேலைப்பாடு எல்லாவற்றையும் பென்சிலில் நுணுக்கமாகப் போட்டுவிட்டு வண்ணம் கொடுத்தால் எல்லாம் சேறாகிவிடுகிறது. இவ்வளவு அலங்காரமான படத்தை எடுத்திருக்கக் கூடாதோ? காப்பி அடிப்பதே தவறு என்றும் சிலர் சொல்கிறார்கள்.
- வாசகி, திருச்சி

பதில்: படத்தை மாற்றாதீர்கள் அம்மா. எண்ணெய் வண்ணம் என்று பலர் நினைக்கும் அந்தப் படம், 1876இல் பாரிஸ் சலோன் என்ற ஓவியக் கண்காட்சியில் வைத்த வாட்டர் கலர். (அதே காட்சியை எண்ணெயிலும் தீட்டினார். அது அவர் வாழ்ந்த வீட்டிலேயே அமைந்த மியூசியத்தில் இருக்கிறது.) ஆனால் அந்த வாட்டர் கலரின் உயரம் 106 செ.மீ. உங்கள் தாளோ முப்பது செ.மீ. கூட இல்லை. ஒவ்வொரு ரத்தினமும் கடுகளவு சுருங்கினால் பிரஷ் என்ன செய்யும்? முழுப்படத்தை விட்டுவிட்டு, மிதக்கும் யோவானின் தலை, அதைச் சுற்றிய ஒளிக்கதிர், அதை நோக்கி நீளும் சலோமியின் கை, இந்தப் பகுதியை மட்டும் அதே தாளில் பெரிதாகப் போடுங்கள்.

முதலில் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நகை மறைந்துவிடும். இருண்ட மண்டபம், தலையைச் சுற்றிய பிரகாசம், சலோமியின் வெளுத்த உடல், இவ்வளவுதான் மிஞ்சும். இந்த மூன்றும் சரியாக விழுந்தால் படம் நின்றுவிடும். ஒளிக்கும் உடலுக்கும் தாளின் வெள்ளையை விட்டுவிட்டு, மற்ற இடத்தில் பர்ன்ட் சியன்னாவை (செம்பழுப்பு) நிறையத் தண்ணீரோடு ஒரு வாஷ், அதாவது மெல்லிய அடுக்கு, கொடுங்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, காத்திருங்கள். சேறாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: காயாத அடுக்கை அடுத்த பிரஷ் கிளறிவிடுகிறது. இருட்டுக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் போதும். மூன்றாவது நிறத்தைச் சேர்க்காதீர்கள். அழுத்தம் போதாவிட்டால் நன்றாகக் காயவிட்டு அதே கலவையை இன்னொரு முறை ஏற்றுங்கள். தேய்க்க வேண்டாம், ஒரே இழுப்பு.

நகை கடைசியில்தான். சுற்றிக் கோடு போட்டு உள்ளே நிரப்பாதீர்கள். ஒன்றாம் நம்பர் பிரஷ்ஷால் அழுத்தமாக ஒரு புள்ளி, அதை ஒட்டி வண்ணமில்லாத ஒரு பொட்டு. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டின் வித்தியாசத்தில்தான் பளபளப்பு பிறக்கிறது. எல்லா மணியும் மின்னக்கூடாது. ஒளிக்கு நேராக இருப்பவை மட்டும் மின்னட்டும்.

காப்பி அடிப்பதைக் குறை சொல்பவர்களுக்கு: இதே மோரோ 1892 முதல் பாரிஸ் கலைப்பள்ளியில் பாடம் நடத்தியபோது, மாணவர்களை லூவர் மியூசியத்துக்கு அனுப்பிப் பழைய ஓவியங்களைப் பார்த்து வரையச் சொன்னார். அவரிடம் பயின்று பின்னாளில் புகழ்பெற்ற ஓவியரான மத்தீஸ் அப்படி 1893இல், டி ஹீம் என்ற பழைய ஓவியரின் உணவுமேசை ஓவியத்தை நகலெடுத்தார். 1915இல் அதே ஓவியத்தை எடுத்துத் தன் பாணியில் தீட்டினார். பயின்ற கைக்கு நகல் ஒருநாளும் விலங்காகாது. கீழே 'மோரோவைப் பார்த்து' என்று எழுதிவிடுங்கள், அதுதான் முறை.

கேள்வி: வெளிச்சத்துக்கு வெள்ளை கௌவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி வாட்டர் கலர்) தொடலாமா?
- அதே வாசகி

பதில்: தாராளமாக. மோரோவே பல வாட்டர் கலர்களில் கௌவாஷ் சேர்த்தவர். ஆனால் எல்லாம் காய்ந்தபின், கெட்டியாக, கதிரின் நுனியிலும் ஓரிரு மணியிலும் மட்டும். வெள்ளையின் மேல் மறுபடி ஈர வண்ணம் ஏற்றினால் சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆகிவிடும்.